நடுப்பகலில் ஒன்றுகூடும் குடும்பம்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வறண்ட நிலத்தைப் பாடும் பாலைத் திணைக்கு வேனிலையும் நண்பகலையும் உரிய பொழுதுகளாகவும், பிரிதலை உரிப்பொருளாகவும், அதாவது பாட்டின் மையக் கருத்தாகவும், நம் இலக்கணம் வகுத்தது. பொருள் தேடிப் போனவன் சுரம் என்னும் வறண்ட வழியில் நடக்க, வீட்டில் இருந்தவள் அவன் வரும் வழியை நோக்கியிருந்த பருவம் அது. சென்னையில் வாழும் நமக்கோ கோடை தவிர்ந்த மற்ற மாதங்கள்தாம் பிரிவின் பாலையாகிவிட்டன. விடிந்ததும் பிள்ளைகள் பள்ளி வேனிலும், தந்தை தாம்பரம் மின்சார ரயிலிலும், தாய் பழைய மாமல்லபுரம் சாலைக்குச் செல்லும் நிறுவனப் பேருந்திலுமாகப் பிரிந்துபோகும் குடும்பத்தில், மே மாத விடுமுறையும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வந்தால்தான் எல்லோரும் பகல் வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

மே 4ஆம் நாளையொட்டித் தொடங்கி அம்மாத இறுதிவரை நீளும் கத்திரி வெயில் நமக்கு ஓர் ஒழுங்கைக் கற்பிக்கிறது. நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் பகலில் கடற்காற்று கரையேறி நம்மைக் காக்கிறது. மேலைக்காற்று வலுத்து அதைத் தடுக்கும் நாட்களில் வெப்பம் மட்டுமீறி உயர்கிறது. 2003 மே 31 அன்று இந்நகரில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய பகலில் வீட்டுக்குள் அடங்கியிருப்பதைச் சோம்பல் என்று யார் சொல்ல முடியும்? ஆயினும் அந்த நேரத்தையும் நாம் கோடை முகாம்களாலும் கணினி வகுப்புகளாலும் நிரப்பிவிடுகிறோம். பாட்டியோடு தாயமோ பல்லாங்குழியோ ஆடும் பிள்ளை எதையும் இழந்துவிடுவதில்லை என்பதே என் உறுதியான எண்ணம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மொட்டை மாடியில் வடாம் பிழிந்த அந்நாளைய கோடையை நாம் இனிமையாகப் பேசுகிறோம். விடியுமுன் எழுந்து கூழ் கிண்டிய பெண்களின் முதுகுவலியைப் பேசுவதில்லை. விடுமுறையில் எல்லோரும் வீட்டிலிருந்தால் அடுப்பு அணையாமல் எரிகிறது. காலை பத்து மணிக்குள் சமையலை முடித்து, நண்பகலுக்கு மோர்ச் சோறும் மாவடுவும் போதும் என்று வீட்டார் அனைவரும் மனமுவந்து ஒப்புக்கொண்டு, பாத்திரம் துலக்குவதை ஆண்களும் பிள்ளைகளும் ஏற்றுக்கொண்டால்தான், அந்த வீட்டில் ஓய்வு இருக்கிறது என்று சொல்வேன். ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருக்க மற்றவர்கள் படுத்திருப்பதற்குக் குடும்ப ஓய்வு என்று பெயரில்லை.

நிற்பது என்றதும் தியாகராய நகரின் துணிக்கடைகள் நினைவுக்கு வருகின்றன. கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை வேண்டுமென்று 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவரப்பட்டது. உட்காருவதற்கே சட்டம் தேவைப்பட்டது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. அக்கடைகளில் பணிபுரியும் பெண்களுக்கும் விடுமுறையில் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. பள்ளி திறக்குமுன் சீருடை வாங்க ரங்கநாதன் தெருவுக்கோ பாண்டி பஜாருக்கோ போகும்போது, அந்த இருக்கை போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடை மேலாளரிடம் பிள்ளைகளின் முன்னிலையிலேயே கேளுங்கள்.