பதினெட்டு வயதும் ஒரு புள்ளடியும்

நேயர்களுக்கு வணக்கம்.

2024 நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல் முடிந்த கையோடு மட்டக்களப்புத் தேநீர்க் கடைகளில் ஒரு பேச்சு அடிபட்டது. "பொடியனுகள் போனைப் பார்த்துப் போட்டுப் புள்ளடி போடுறானுகள். மறுகா எப்படி ஊர் உருப்படும்?" தோற்ற கட்சிக்காரர் இதைச் சொன்னார். வென்ற கட்சிக்காரரும் சொன்னார். சொன்னவர்களில் பெரும்பாலானோர் என் வயதுக்காரர்கள். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஆசிரியருக்குத் தேர்தல் கடமை தப்பாது என்பதால், வாக்களிப்பு நிலையத்திலும் எண்ணும் மண்டபத்திலும் பல இரவுகள் விழித்திருந்தவன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பேசுகிறேன்.

பக்குவம் போதாது என்ற குற்றச்சாட்டு இளைஞருக்கென்று புதிதாகப் பிறந்ததல்ல. 1931க்கு முன்பு இந்தத் தீவில் சொத்தும் படிப்பும் உள்ள, நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான் வாக்களித்தார்கள். டொனமூர் அரசியலமைப்பு 21 வயதான ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுக்க வந்தபோது, கூலிக்காரருக்கும் எழுத்தறியாதவருக்கும் பெண்களுக்கும் என்ன தெரியும் என்று கேட்டவர்கள் சாதாரண ஆட்களல்ல. அன்றைய தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனே அதை எதிர்த்தார். இன்று நம் ஊர்களில் வாக்குச்சாவடிக்குக் காலையிலேயே வந்து வரிசையில் நிற்பது யார்? பெண்கள்தான்.

வயதை 18 ஆகக் குறைத்தது 1959 இல். பிரித்தானியா 1969 இலும் அமெரிக்கா 1971 இலும் இந்தியா 1989 இலும்தான் அந்த இடத்துக்கு வந்தன. நமக்குப் பின்னால் வந்த நாடு பலவும் அதைத் தாண்டிவிட்டன. ஒஸ்திரியாவில் 2007 முதல் 16 வயதுக்காரர் வாக்களிக்கிறார்கள்.

சரி, எண்ணும் மண்டபத்துக்கு வருவோம். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் ஏறத்தாழ 3 இலட்சம். இரண்டு மாதம் கழித்து நடந்த பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க வந்தவர்கள் குறைவு. நிராகரிக்கப்பட்டவையோ 6 இலட்சத்து 67 ஆயிரத்துக்கும் மேல். இரண்டு மாதத்தில் நாட்டின் பக்குவம் பாதியாகிவிட்டதா? இல்லை, வாக்குச்சீட்டு மாறியது. கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு கீழே வேட்பாளர்களுக்குரிய விருப்பு இலக்கங்களில் மூன்றுக்கு மேற்படாமல் புள்ளடி. மட்டக்களப்பில் ஐந்து ஆசனத்துக்கு ஒவ்வொரு பட்டியலிலும் எட்டுப் பேர். விருப்பு இலக்கத்தில் மட்டும் புள்ளடி போட்டுக் கட்சியை விட்டுவிட்டால் சீட்டு செல்லாது. இரண்டு கட்சிக்குப் போட்டாலும் செல்லாது. போட்டவருக்கு 18 வயதா 80 வயதா என்று சீட்டில் எழுதியிருக்காது. ஆனால் போடும் முறையைச் சொல்லிக் கொடுத்தால் தீரும் பிழை அது. அதைச் சொல்லிக் கொடுப்பது யார் வேலை?

லாரன்ஸ் ஸ்டைன்பேர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் இளையோரின் முடிவெடுக்கும் திறனைப் பல ஆண்டு ஆராய்ந்தவர். ஆற அமர யோசித்து எடுக்கும் முடிவில் 16 வயதுப் பிள்ளைகூடப் பெரியவருக்குச் சளைத்ததல்ல, கூட்டாளிமார் சூழ்ந்து நிற்கும் சூடான நேரத்தில்தான் இளசுகள் தடுமாறுகின்றன என்பது அவர் சொல்வது. மோட்டார் சைக்கிளை முறுக்குவது அந்த இரண்டாவது வகை. வாக்களிப்பு முதலாவது வகை. யோசிக்க வாரக்கணக்கில் நேரம் இருக்கிறது. மறைவுக்குள் நிற்கும்போது பக்கத்தில் ஒருவரும் இல்லை.

இந்த மண்ணில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. போர்க் காலத்தில் 18 வயதுகூட ஆகாத எத்தனையோ பிள்ளைகளின் கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் எவரும் அன்று பக்குவம் பார்க்கவில்லை. இன்று 18 நிரம்பிய பிள்ளை பேனையால் ஒரு புள்ளடி போடப் போகும்போது நாங்கள் பக்குவம் பார்க்கிறோம்.

இளையவரிடம் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. அரை நிமிட வீடியோவில் ஒருவரைத் தலைவராக்கி அடுத்த வீடியோவில் இறக்கிவிடுகிறார்கள். வேட்பாளர் சபையில் என்ன பேசினார் என்று தேடிப் பார்க்கும் பொறுமை பலருக்கு இல்லை. ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பொய்ச் செய்தியை அனுப்புவது பெரும்பாலும் மாமாதான். "இது பழைய படம், மாமா" என்று கீழே எழுதுவது மருமகள்.

நம்மவரின் பக்குவத்தையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். கோயிலில் வண்ணக்கரை, அதாவது கோயில் நிர்வாகியைத் தெரிவுசெய்யும்போது குடி, அதாவது தாய்வழிக் குலம் பார்ப்பது வழமை. அது கோயில் முறை, எனக்கு அதில் குறை இல்லை. அந்தக் கண்ணோடேயே பாராளுமன்ற வாக்குச்சீட்டையும் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். எங்கள் ஊரானா, எங்கள் சமயமா, போன முறை கூரைத் தகடு தந்தவரா? முஸ்லிம்கள் கூடுதலாக வாழும் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் இதே கணக்குத்தான். பிள்ளைகள் இந்தக் கணக்கை மீறினால் எங்களுக்கு அது விளையாட்டுத்தனமாகத் தெரிகிறது.

என் கவலை வேறு இடத்தில். வாக்களிப்பு பழகப் பழக வருவது. சின்னத் தேர்தல்களில் பழகித்தான் பெரிய தேர்தலுக்கு வரவேண்டும். கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2012 செப்டெம்பரில். 2017 இல் அந்தச் சபையின் காலம் முடிந்தது. பிறகு தேர்தலே இல்லை. 2012 இல் 17 வயதில் இருந்தவர் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார், மாகாண சபை வாக்குச்சீட்டைக் கண்ணால் கண்டதில்லை. 2023 இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலைக் காசில்லை என்று தள்ளினார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, 2025 மே மாதம்தான் நடந்தது. பள்ளிக்கூட மாணவர் பாராளுமன்றத் தேர்தலை ஒழுங்காக நடத்தும் பிள்ளைக்கு, வெளியே வந்தால் அந்த ஒழுங்கு கிடைப்பதில்லை.

கடைசியாக, பெற்றோருக்கு ஒரு விஷயம். முன்பு ஜூன் முதலாம் திகதிக்குள் 18 நிரம்பியிருந்தால்தான் அந்த ஆண்டு வாக்காளர் இடாப்பில் பெயர் வரும். 2021 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது ஆண்டின் இடையில் 18 ஆகிறவர்களையும் துணை இடாப்பில் சேர்க்கலாம். தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தால் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். பிள்ளை உயர்தரம், ரியூஷன் என்று ஓடிக்கொண்டிருக்கும். பெயரைச் சொல்ல மறப்பது வீட்டுக்காரர்தான். கிராம உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது அந்தப் பெயரையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.