பனியன் விலையில் ஆற்றுக்கும் பங்கு வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். உலகமயம், தாராளமயம் என்று ஆரம்பித்தால் பேச்சு எங்கெங்கோ போய்விடும், அதனால் திருப்பூரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1991-ல் ரூபாய் மதிப்பைக் குறைத்து, ஏற்றுமதி இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோது அதை உடனே பிடித்துக்கொண்ட ஊர்களில் திருப்பூரும் ஒன்று. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கலர் கலராக டி-ஷர்ட் போனது. மழை பொய்த்த தென்மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக பஸ் ஏறி வந்தார்கள், அப்புறம் பீகார், ஒடிசாவிலிருந்து ரயிலேறி வந்தார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய பெண்ணின் பேச்சு வீட்டில் எடுபட்டது. இதை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும், அதுவும் நிறைய வேண்டும். சாயம் துணியில் பிடித்துக்கொள்ளும், உப்பு தண்ணீரோடு வெளியே வந்துவிடும். அந்தத் தண்ணீர் பல வருஷம் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றில்தான் போனது. அந்த ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று கட்டிய அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகி, எந்த விவசாயிகளுக்காகக் கட்டினார்களோ அவர்களே தண்ணீர் திறக்காதீர்கள் என்று சொல்லும் நிலைமை வந்தது. கிணறெல்லாம் உப்புக் கரித்தது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவற்றை மறுபடி திறக்க விட்டார்கள். இப்போது சவ்வில் வடிகட்டி, மிஞ்சியதைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கிறார்கள், கரண்டுக்கும் பாய்லருக்கும் ஆகிற செலவு கொஞ்சநஞ்சமல்ல.

சரி, அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது? துணியை வாங்கும் வெளிநாட்டு பையர் பங்களாதேஷ் விலையைக் காட்டி பீசுக்கு இத்தனை சென்ட் குறை என்கிறார், கம்பெனி வெளியே கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க் கூலியில் கைவைக்கிறது, கடைசியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லரிடம் வந்து நிற்கிறது. ஏற்றுமதி எத்தனை கோடி என்று வருஷா வருஷம் செய்தி வருகிறதே, அந்தக் கணக்கில் ஆற்றோரத்தில் கெட்டுப்போன கிணறு எங்கே இருக்கிறது? 1990-ல் ஐ.நா.வின் மனித மேம்பாட்டு அறிக்கையை பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மகபூப் உல் ஹக் கொண்டுவந்தபோது, வருமானத்தோடு ஆயுளையும் படிப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். தண்ணீரையும் சேர்க்காமல் எப்படி நீடித்த வளர்ச்சி என்று பேச முடியும்?

வெளிநாடுகளோடு வர்த்தக ஒப்பந்தம் பேசும் நம் அரசு, வரியைக் குறையுங்கள் என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. சுத்திகரிப்புச் செலவை பீஸ் விலையில் தனியாகக் காட்டி அதை பையர் கொடுக்க வேண்டும் என்றும் கேட்க வேண்டும். நன்றி, வணக்கம்.