கதை கேட்கிறவர் முகம்

நேயர்களுக்கு வணக்கம்.

திரைப்படங்களில் உங்களுக்குப் பிடித்த ஆண் கதாபாத்திரங்கள், மனதில் நின்ற நடிப்பு, இதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுங்கள் என்றார்கள். கரும்பு தின்னக் கூலியா என்று ஒப்புக்கொண்டேன். பட்டியல் போட உட்கார்ந்தபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எனக்குப் பிடித்த இடங்களில் பாதிக்கு மேல் அந்த நடிகர் பேசவே இல்லை. வேறு யாரோ பேசுகிறார்கள், பாடுகிறார்கள், இவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆக, பேச்சை நம்பி நடக்கிற வானொலியில் உட்கார்ந்து, பேசாமல் இருந்தவர்களைப் பற்றி நான் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கிறுக்கு எனக்கு வானொலியால்தான் பிடித்தது. ஒலிச்சித்திரம் என்று போடுவார்களே, நினைவிருக்கும். படத்தின் ஒலியை மட்டும் எடுத்து, வெட்டிச் சுருக்கிப் போடுவார்கள். சின்ன வயதில் நான் பல படங்களைக் காதால்தான் பார்த்தேன். அப்படிப் பார்த்தவற்றில் ஒன்று ‘காதலிக்க நேரமில்லை’. 1964-இல் ஸ்ரீதர் இயக்கிய படம். அதில் நாகேஷ் தன் அப்பாவுக்குக் கதை சொல்கிற காட்சி உங்களில் பலருக்கு மனப்பாடமாக இருக்கும். செல்லப்பா என்கிற அந்தப் பையனுக்குச் சினிமா எடுக்க ஆசை. ஓஹோ புரொடக்ஷன்ஸ் என்று கம்பெனிக்குப் பெயர்கூட வைத்தாயிற்று. பணம் அப்பாவிடம் இருக்கிறது. அந்த அப்பாவைப் பிடித்து உட்காரவைத்து ஒரு திகில் கதையை அவிழ்த்துவிடுகிறான்.

வானொலியில் கேட்டபோது எனக்கு அது முழுக்க முழுக்க நாகேஷின் காட்சி. குரல் ஏறுகிறது, இறங்குகிறது, கிசுகிசுக்கிறது. கதையில் வரும் சத்தங்களையும் அவரே போடுகிறார். நடுநடுவே இன்னொரு குரல் லேசாக மிரண்டு எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான். அந்த இன்னொரு குரலை நான் சட்டை செய்யவே இல்லை.

பல வருடம் கழித்துப் படத்தைக் கண்ணால் பார்த்தேன். நாகேஷ் ஆரம்பித்தார். எனக்கு ஒவ்வொரு சத்தமும் தெரியும், அடுத்து என்ன வரும் என்றும் தெரியும். அதனால் என் கண் தானாகவே எதிரில் இருந்த மனிதரிடம் போய்விட்டது. டி.எஸ். பாலையா. விஸ்வநாதன் என்கிற பணக்கார அப்பா. வேண்டாவெறுப்பாகத்தான் கேட்க ஆரம்பிக்கிறார். மகன் உருப்படாதவன் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். அப்புறம் அந்த முகத்தில் ஏதோ நடக்கிறது. கண் கொஞ்சம் அகலமாகிறது. வாய் திறந்துகொள்கிறது, அது திறந்திருப்பதே அவருக்குத் தெரியவில்லை. நாகேஷ் எந்தப் பக்கம் போனாலும் தலை பின்னாலேயே போகிறது. எஸ்டேட் முதலாளி மெல்ல மெல்லச் சுருங்கி, இருட்டில் பேய்க்கதை கேட்கிற ஆறு வயதுப் பையன் ஆகிவிடுகிறார்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இந்தக் காட்சியில் கதை என்று ஒன்றுமே இல்லை. நாகேஷ் சொல்வதை எழுதிப் பாருங்கள், ஒரு பக்கம் தேறாது. அது நமக்குத் திகில் கதையாவது பாலையா பயப்படுவதால்தான். அவர் நம்பவில்லை என்றால் நாகேஷ் வெறும் சேஷ்டை பண்ணிக்கொண்டிருக்கும் ஆள். இரண்டு வருடம் கழித்து, 1966-இல், இதே படத்தை ஹிந்தியில் எடுத்தபோது மெஹ்மூத் கதை சொன்னார், ஓம் பிரகாஷ் கேட்டார். அங்கேயும் பார்த்தவர்கள் பேசியதெல்லாம் கதை சொன்னவரைப் பற்றித்தான். கேட்டவருக்கு எப்போதுமே அரைப் பங்கு கூடக் கிடைப்பதில்லை.

பாலையாவை விட்டு நகர மனம் வரவில்லை. அதே படத்தில் இன்னொரு இடம். வேலையை விட்டுத் துரத்திய அசோகன் என்கிற இளைஞன், பெரிய கோடீஸ்வரரின் மகன் என்று அவரை நம்பவைக்கிறார்கள். அந்தச் செய்தி காதில் விழுந்த நொடியில் அந்த மனிதர் கேட்கும் கேள்வி உங்களுக்குத் தெரியும். “அசோகர் உங்க மகரா?” அசோகனில் இருந்த ‘ன்’ போய்விட்டது, மகனில் இருந்த ‘ன்’னும் போய்விட்டது. இரண்டு எழுத்தில் ஒரு மனிதனின் மொத்தக் குணமும் வெளியே வந்துவிட்டது. இதைச் சிரிப்பு வசனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த வார்த்தை வாயில் வருவதற்கு முன்னால் அந்த முகம் கணக்குப் போடுகிறது பாருங்கள். அடுத்த முறை அதைக் கவனியுங்கள்.

அதற்கு அடுத்த வருடம், 1965-இல், ‘திருவிளையாடல்’. அங்கே இவர் ஹேமநாத பாகவதர். பாண்டியன் சபையில் தன்னை மிஞ்ச ஆள் உண்டா என்று மார்தட்டிப் பாடியவர். பாடிய குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. ராகத்துக்கு ராகம் தாவுகிற அந்தப் பாட்டில் பாலையா காட்டும் அலட்டல் ஒரு விருந்து. ஆனால் எனக்குப் பிடித்தது பிறகு வரும் இரவு. வெளியே ஒரு விறகுவெட்டி பாடுகிறான். சாட்சாத் சிவபெருமான்தான், சிவாஜி கணேசன். டி.எம். சௌந்தரராஜனின் குரல். கேட்பவர் ஹேமநாதர். முதலில் இவன் யாரடா என்கிற எரிச்சல். அப்புறம் பாட்டு நன்றாக இருக்கிறதே என்கிற வித்வானின் சந்தோஷம், அது அவரையும் மீறி வந்துவிடுகிறது. மறுநாள் தன்னோடு போட்டிக்குப் பாட வேண்டிய பாணபத்திரர் கழித்துக்கட்டிய ஒருவனே இப்படிப் பாடினால் பாணபத்திரர் எப்படிப் பாடுவார் என்கிற பயம் அதற்கும் பிறகுதான். இரவோடு இரவாக ஊரை விட்டே கிளம்பிவிடுகிறார். ஒரே மனிதர், ஒரு படத்தில் உளறலைக் கேட்டு மிரள்கிறார், மறு படத்தில் சங்கீதத்தைக் கேட்டு மிரள்கிறார். இரண்டு பயமும் ஒன்று போல இல்லை.

வீட்டில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. டிவியில் பழைய படம் ஓடினால் ஒலியை அடைத்துவிட்டுப் பார்ப்பேன். வீட்டில் இருப்பவர்கள் திட்டுவார்கள், நியாயம்தான். ஆனால் நீங்களும் ஒரு நாள் செய்து பாருங்கள். வாய் அசையாத ஆள் என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். சில பேர் தன் முறை எப்போது வரும் என்று காத்திருப்பார்கள், பேருந்துக்கு நிற்பது போல. சில பேர்தான் உண்மையிலேயே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்தச் சோதனை செல்லாத ஒருவர் உண்டு, எம்.ஆர். ராதா. ‘ரத்தக்கண்ணீர்’ மோகனசுந்தரத்தை ஒலி இல்லாமல் பார்ப்பது பாவம். அந்தக் குரல் ஒரு வாக்கியத்துக்குள்ளேயே கரகரவென்று கீழே போய், கீச்சென்று மேலே வரும். அவர் விதிவிலக்கு, விட்டுவிடுவோம்.

சிவாஜிக்கு வருகிறேன். 1952-இல் ‘பராசக்தி’யில் நீதிமன்றத்தில் பேசிய நாளிலிருந்து அவரை வசனத்தோடு சேர்த்தே நினைக்கிறோம். கட்டபொம்மன் என்றாலும் வசனம்தான். அதனால்தான் எனக்கு ‘தில்லானா மோகனாம்பாள்’ மேல் தனிப் பிரியம். 1968-இல் ஏ.பி. நாகராஜன் இயக்கியது, கொத்தமங்கலம் சுப்புவின் நாவல். சிக்கல் சண்முகசுந்தரம் நாகஸ்வர வித்வான். அந்தப் பேச்சு மன்னனின் வாயில் நாகஸ்வரத்தைக் கொடுத்து அடைத்துவிட்டார்கள்! வாசித்தது மதுரை சகோதரர்கள் சேதுராமனும் பொன்னுசாமியும். திரையில் சிவாஜிக்கு மிச்சம் இருந்தது கன்னம், புருவம், கண், விரல், அவ்வளவுதான்.

‘நலந்தானா’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கத்திக் காயம் பட்டுத் தேறி வந்திருக்கிறார். சபை நிறையப் பேர். எதிரே மோகனாம்பாள், பத்மினி, ஆடுகிறாள். நலமா என்று நேரில் கேட்க முடியாததை பி. சுசீலாவின் குரலில் பாட்டாகக் கேட்கிறாள். இவரும் நேரில் பதில் சொல்ல முடியாது. சொல்லவேண்டும் என்றாலும் வாயில் வாத்தியம். மூச்சை அடக்கிக் கன்னம் உப்பியிருக்கும்போதே கண் கலங்க வேண்டும், விரல் பிசகக் கூடாது. ஒரு மனிதன் கேட்டுக்கொண்டே பதிலும் சொல்கிறான். அதுவும் பக்கத்தில் தவிலோடு யார் என்று நினைக்கிறீர்கள்? நம்ம பாலையாதான்! முத்துராக்கு. அந்த இருவருக்கும் நடுவில் ஓடுகிற பேச்சைப் புரிந்துகொண்ட மூன்றாவது ஆள். வாசிக்கிறவரையும் ஆடுகிறவளையும் பார்த்து முடித்துவிட்டு, இன்னொரு தடவை அவரை மட்டும் பாருங்கள்.

கேட்பது என்றால் பாட்டையும் கதையையும் மட்டும் சொல்லவில்லை. ‘முள்ளும் மலரும்’ காளி இருக்கிறான். 1978, மகேந்திரன். ‘தங்கப்பதக்கம்’ போன்ற படத்துக்கு வசனம் எழுதிப் பெயர் வாங்கியவர், தான் இயக்க வந்தபோது வசனத்தைக் குறைத்துக்கொண்டு வந்தார் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். காளி வின்ச் ஓட்டுகிறவன், முரடன், தங்கை வள்ளி என்றால் உயிர். ஒரு கையையும் இழந்துவிட்டான். தங்கை, அவனுக்குப் பிடிக்காத இஞ்சினியரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். ஊரே அவளோடு போகிறது, பெண்டாட்டியும் போகிறாள். இவன் தனியாக நிற்கிறான். போன தங்கை பாதி வழியில் நின்று, திரும்பி ஓடி வருகிறாள்.

அவள் ஓடி வருகிற அந்த நேரம் ரஜினிகாந்த் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஜெயித்துவிட்ட திமிரும் அழுகையும் ஒரே நேரத்தில். ஸ்டைல் என்று ஒரு சிட்டிகை இல்லை. ஊரே ஒரு பக்கம், தங்கை என் பக்கம் என்று ஆன பிறகுதான் அவனுக்கு விட்டுக்கொடுக்க முடிகிறது. தானே அவளை அழைத்துக்கொண்டு போய் ஒப்படைக்கிறான். அப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று மாப்பிள்ளையிடம் சொல்லாமல் விடவில்லை. திருந்திவிட்டான் என்று காட்டாமல், அவனை அவனாகவே விட்டார்கள் பாருங்கள், அதற்காகவே காளி என் பட்டியலில் மேலே இருக்கிறான்.

அடுத்த வருடம் அதே மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’, விஜயன் நடித்த சுந்தரவடிவேலு. கெட்டவனைப் பிடிக்குமா என்று கேட்பீர்கள். பிடிக்காது, மறக்கவும் முடியாது. கத்தாத, மிரட்டாத, அமைதியான கொடுமைக்காரன். அடுத்தவர் துன்பத்தைச் சொல்லும்போது மிகப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வான், ஆனால் உள்ளே எதுவும் போகாது. பாலையாவுக்கு நேர் எதிர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடமாம். பாலையாவிடமே பாதி நேரம் போய்விட்டது, தப்பு என் பேரில்.

சரி, ஓடிவிடுகிறேன். ‘படிக்காத மேதை’யில் எஸ்.வி. ரங்காராவ். வீட்டை விட்டுப் போன ரங்கனை, அதாவது சிவாஜியை, நினைத்து, பாரதியின் ‘எங்கிருந்தோ வந்தான்’ பின்னால் ஒலிக்க, அவர் இருக்கும் இருப்பு. சீர்காழி கோவிந்தராஜன் பாடுகிறார், இவர் வாயைத் திறக்கவில்லை. ‘நாயகன்’ வேலு நாயக்கர், பேரன் நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று கேட்டதும் பதிலுக்கு முன்னால் வரும் அந்த இடைவெளி. ‘96’-இல் விஜய் சேதுபதி. பல வருடமாக அவன் கெஞ்சியும் ஜானு பாடாத ‘யமுனை ஆற்றிலே’யை, மின்சாரம் போன இருட்டில் திடீரென்று பாடுகிறாள். அவனுக்குக் கேட்கவும் வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க வெளிச்சமும் வேண்டும், இருட்டில் முட்டி மோதிக்கொண்டு ஓடுகிறான். இதைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், போகட்டும்.

‘வீடு’ படத்தின் சொக்கலிங்க பாகவதரையாவது சொல்லிவிடுகிறேன். பாலு மகேந்திரா, 1988. பேத்தி கட்டுகிற, பாதியில் நிற்கிற வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாக வருகிறார். பேச ஆளே இல்லை. பூசாத சுவர்களுக்கு நடுவே அறை அறையாக நடக்கிறார், இளையராஜாவின் இசை மட்டும் கூட வருகிறது.

கடைசியாக நாகேஷிடமே திரும்பி வருவதாகத் திட்டம். அன்று பாலையாவை மிரளவைத்தாரே, அதே மனிதர் முப்பது வருடம் கழித்து, 1994-இல், சிங்கீதம் சீனிவாசராவின் ‘மகளிர் மட்டும்’ படத்தில் பிணமாக வந்தார். ஒரு வார்த்தை கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. தலை சாய்கிற அழகைப் பார்த்தே அரங்கம் சிரித்தது. அந்தத் தலை எந்தப் பக்கம், எப்போது சாய்கிறது என்று... விளக்கு மாறிவிட்டது. மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.