கண்ணை மூடாதே

வணக்கம் நேயர்களே.

குத்துச்சண்டை கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் முதல் நாள் நான் ஒரு கேள்விதான் கேட்பேன். "எதுக்கு வந்தே?" எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "குத்தக் கத்துக்கணும் சார்." 21 வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். குத்து வாங்கக் கற்றுக்கொள்ள வந்ததாக ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. முதல் ஆறு மாதம் நான் சொல்லிக்கொடுப்பதோ அதைத்தான். குத்து எப்படியும் வரும். வரும்போது நிற்கத் தெரியவேண்டும், நகரத் தெரியவேண்டும்.

நான் வியாசர்பாடிக்காரன். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று வடசென்னையில் ஆங்கிலக் குத்துச்சண்டையைக் கட்சி கட்டிக்கொண்டு வளர்த்த காலம் எனக்கு முந்தையது. அதன் மிச்சமாக இரண்டு பழக்கங்கள் எங்களிடம் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று, கோச் என்று யாரும் சொல்லமாட்டோம், வாத்தியார்தான். இன்னொன்று, வாத்தியார் சொல்லாமல் கிளவுஸைத் தொடக்கூடாது.

என் வாத்தியார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். முதல் நாள் என்னைச் சுவரோரமாக நிற்கவைத்தார். ஒரு கையில் கிளவுஸ் மாட்டி, என் நெற்றியை மெல்லத் தொட்டார். அடிக்கவில்லை, குழந்தைக்குப் பொட்டு வைக்கிற மாதிரிதான் தொட்டார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். "எத்தினி விரலு காட்டினேன்?" என்றார். மறு கையில் விரல் காட்டியிருக்கிறார், நான் பார்க்கவே இல்லை. "கண்ண மூடிக்கினா குத்து வராம பூடுமாடா?" இரண்டு வாரம் இதுவே பாடம். நெற்றியில் தொடுவார், நான் விரலை எண்ணிச் சொல்லவேண்டும்.

முகத்துக்கு நேரே எது வந்தாலும் இமை மூடிக்கொள்ளும். அது உடம்பின் குணம், கோழைத்தனம் இல்லை. ஆனால் மூடிய கண்ணுக்கு இரண்டாவது குத்து தெரியாது. விழுகிறவர்களில் பலபேர் அந்தத் தெரியாத குத்தில்தான் விழுகிறார்கள். வருவது தெரிந்துவிட்டால் கழுத்து தானாக இறுகும், பல் கடிபடும், அதே குத்து பாதி குத்தாகிவிடும். கண் எங்கே இருக்கவேண்டும்? எதிராளியின் கையில் இல்லை, கையைப் பார்த்தால் தாமதம். நெஞ்சுக்கு மேலே, இரண்டு காறை எலும்புக்கும் நடுவே பார்வையை நிறுத்துங்கள். கை கிளம்புவதற்கு முன்னால் தோள் கிளம்பும், தோள் பொய் சொல்லாது. சொல்லும், தேர்ந்தவனின் தோள் பொய்யும் சொல்லும். அது பிற்பாடு படிக்கவேண்டிய பாடம்.

அடுத்தது தாடை. மண்டைக்குள் மூளை இருப்பதை நான் தயிர்ப்பானையை வைத்துத்தான் சொல்வேன். பானையைச் சடாரென்று திருப்பினால் பானை திரும்பிவிடும், உள்ளே இருக்கும் தயிர் ஒரு கணம் கழித்துத்தான் திரும்பும். அந்த ஒரு கணத்துக்குள் நடக்கும் இழுபறிதான் மயக்கம். அந்தப் பானைக்குக் கைப்பிடி தாடை. முகத்தின் நுனியில் இருப்பதால் அங்கே பட்ட குத்துக்குத் தலை சட்டென்று சுழலும். அதனால்தான் தாடையை நெஞ்சோடு ஒட்டிவை, வாயைத் திறந்து மூச்சு வாங்காதே என்று கத்திக்கொண்டே இருப்போம். வாய் திறந்திருக்கும்போது பட்டால் தாடை எலும்பே போகும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே டென்னிஸ் பந்தை இடுக்கிக்கொண்டு பயிற்சி செய்வது இன்றைய வழக்கம். எங்களுக்குச் சாத்துக்குடி. கீழே போட்டவனுக்குப் பழம் கிடையாது.

தாங்குவதைப் பற்றி ஒன்று தெளிவாகச் சொல்லவேண்டும். வயிற்றைப் பழக்கலாம், கழுத்தைப் பலப்படுத்தலாம். மண்டையைப் பழக்க முடியாது. மெடிசின் பால் என்கிற கனமான பந்தை வயிற்றில் போட்டுப் போட்டு வாங்கினால் தசை கெட்டிப்படும். அதைவிட முக்கியம், குத்து படுகிற கணத்தில் 'ஸ்ஸ்' என்று மூச்சை வெளியே விடப் பழகுவது. மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும்போது தொப்புளுக்கு மேலே ஒன்று பட்டால், கரையில் போட்ட மீன் கணக்காக வாயைத் திறந்து திறந்து மூடவேண்டியதுதான்.

கல்லீரல் குத்து இன்னும் மோசம். அது வலப்பக்கம், கடைசி விலாவை ஒட்டி இருக்கிறது. எதிராளியின் இடது ஹுக், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, சரியாக அங்கே வந்து உட்காரும். பட்டவுடன் ஒன்றும் தெரியாது. 'இவ்வளவுதானா' என்று ஒரு நொடி நினைப்பீர்கள். அடுத்த நொடி கால் இரண்டும் உங்கள் பேச்சைக் கேட்காது. அறிவு தெளிவாக இருக்கும், எழுந்திருக்க மட்டும் முடியாது. எவ்வளவு வயிற்றுப் பயிற்சி செய்தவனும் அதற்கு விதிவிலக்கில்லை. வலது முழங்கை விலாவை விட்டு விலகாமல் இருப்பது ஒன்றுதான் காவல்.

மண்டை விஷயத்தை நான் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை. 19 வயதில் எனக்கு 'கல்லு மண்டை' என்று பேர். எத்தனை வாங்கினாலும் பின்னால் போகமாட்டேன். கூட்டம் விசிலடிக்கும், எனக்கும் அது பெருமை. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் இரண்டாவது ரவுண்டில் ஒன்று வாங்கினேன். மூன்றாவது ரவுண்டு ஆடினேனாம், ஜெயித்தேனாம். எனக்கு ஞாபகமே இல்லை. மறுநாளே பயிற்சிக்குப் போய் மறுபடியும் தலையில் வாங்கினேன், போகாதே என்று சொல்ல அன்று ஆள் இல்லை. பிறகு மூன்று வாரம் டியூப்லைட்டைப் பார்த்தால் குமட்டும். இப்போது எனக்கு 52 வயது. இந்த உரையை மனப்பாடமாகப் பேசலாம் என்றுதான் நினைத்தேன். கடைசியில் தாளில் எழுதித்தான் கொண்டுவந்தேன். வயதா, அந்த அடியா என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தையும் குழறலையும் பற்றி மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928-லேயே எழுதிவிட்டார். ஆனாலும் 'தாங்குகிறவன்தான் வீரன்' என்ற பேச்சு போகவில்லை. பையன்கள் குத்துச்சண்டை வீரர் முகமது அலியைக் காட்டுவார்கள். 1974 அக்டோபர் 30, ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரம். 25 வயது ஃபோர்மன், அதுவரை ஆடிய 40 போட்டியிலும் தோற்காதவர். 32 வயது அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு வாங்கிக்கொண்டே இருந்தார், ஃபோர்மன் ஓய்ந்த பிறகு எட்டாவது ரவுண்டில் சாய்த்தார். எல்லாம் உண்மை. ஆனால் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலான குத்தை அவர் கையிலும் கிளவுஸிலும் வாங்குகிறார், தலையைக் கயிற்றுக்கு மேலே பின்னால் சாய்த்துவிடுகிறார். அப்படித் தப்பியது போக மீதி அவர் மேல்தான் விழுந்தது. 1984-ல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று கண்டுபிடித்தார்கள். குத்துதான் காரணமா என்பதில் மருத்துவர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. ஆனால் அந்தக் கையின் நடுக்கத்தை உலகமே பார்த்தது.

அதே அலி 1980-ல் மதராஸுக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். என் வாத்தியார் டிக்கெட் வாங்கிப் போனவர். ஊரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, தான் மட்டும் காலையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்வார். "கைய தொங்க போட்டுக்கினு ஆடுறான்னு பார்க்காத. கால் அவனைக் காப்பாத்துது. உனக்கு அந்தக் கால் இல்ல, கைய தூக்கு."

ஹெட்கார்டு என்கிற தலைக்கவசம் போட்டால் போதாதா என்று பெற்றோர் கேட்பார்கள். புருவம் கிழியாது, காது நசுங்காது, அதற்கு அது நல்லது. தயிர்ப்பானை திரும்புவதை அது நிறுத்தாது. 1984 முதல் ஒலிம்பிக்கில் கட்டாயமாக இருந்ததை 2013-ல் ஆண்கள் பிரிவிலிருந்து எடுத்தேவிட்டார்கள், ரியோவில் வெறும் தலையோடுதான் ஆடினார்கள். என்னிடம் பழகும் பிள்ளைகள் போடத்தான் வேண்டும், ஆனால் அதை நம்பக்கூடாது. ஸ்பாரிங், அதாவது இரண்டு பேர் மோதிப் பழகுவது என்றால், ஒவ்வொரு கையிலும் 16 அவுன்ஸ் கிளவுஸ், அதாவது ஏறக்குறைய 450 கிராம். வேகம் பாதி, பலம் கால்வாசி. ஒருத்தன் மலங்க மலங்க விழித்தால் அன்றைக்கு அவனுக்கு அவ்வளவுதான். டாக்டர் பார்த்துச் சரி என்கிறவரை ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

இனி தப்புவது. புதிதாக வருகிறவர்கள் குத்தைக் கண்டால் இரண்டடி எகிறுவார்கள். இரண்டடி எகிறினால் திரும்பி வர இரண்டடி வேண்டும், அதற்குள் எதிராளி வேறு வேலை பார்த்துவிடுவான். காதை உரசிக்கொண்டு போகும் அளவுக்குத் தலை விலகினால் போதும். நேராக வரும் ஜாபை உள்ளங்கையால் லேசாகத் தட்டிவிட்டாலே திசை மாறிவிடும். கையை நீட்டிப் பிடிக்கப் போனால் முகம் காலி வீடு. குனியும்போது முழங்கால்தான் மடியவேண்டும், இடுப்பு இல்லை. இடுப்பை வளைத்துத் தரையைப் பார்த்தால், கீழிருந்து அப்பர்கட் வரும்.

இதற்கு வாத்தியார் காலத்திலிருந்து ஒரு கயிறு உண்டு. இரண்டு கம்பத்துக்கு நடுவே தோள் உயரத்தில் நைலான் கயிறு கட்டி, சாக்பீஸ் பொடியைத் தடவி விடுவோம். கயிற்றுக்கு அடியில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று தலையை நுழைத்து நுழைத்து, ஒவ்வொரு அடியாக முன்னேறவேண்டும். முழங்கால் சோம்பல்பட்டால் கயிறு தலையில் உரசி வெள்ளைக் கோடு விழும். ஐஸ் ஹவுஸிலிருந்து வருகிற 12 வயதுப் பெண் ஒருத்தி, நான்கு மாதத்தில் ஒரு கோடு இல்லாமல் போய் வருகிறாள். சிறுசேரியில் ஐ.டி. வேலை பார்க்கும் 26 வயதுத் தம்பி இருக்கிறார். ஜிம் உடம்பு, குனிய மட்டும் வராது. பயிற்சி முடிந்ததும் முகம்கூடக் கழுவாமல் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

போன வாரம் அவர் அம்மா என்னைப் போனில் பிடித்தார்கள். "சார், பாக்சிங்னு சொல்லிட்டுத்தான் வர்றான். வீட்டுக்கு வரும்போது தினமும் நெத்தி நெறைய விபூதி. நிஜமா எங்கதான் சார் போறான்?"

நன்றி, வணக்கம்.