பதினைந்து சரி வந்தால் பிரசை

வணக்கம் நேயர்களே.

நியூஃபவுண்ட்லாந்து எந்த ஆண்டு கனடாவோடு இணைந்தது? காரோட்டியபடியோ கறியைக் கிளறியபடியோ இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில், '1949' என்று சட்டென்று சொன்னவர்கள் அண்மையில் குடியுரிமைப் பரீட்சை எழுதியவர்களாகத்தான் இருப்பார்கள். சொல்ல முடியாதவர்கள் ஒன்றில் இங்கே பிறந்தவர்கள், அல்லது எழுதிப் பல வருடமானவர்கள். எங்களுக்கு அந்தக் கரையை வேறு காரணத்துக்காகவும் தெரியும். 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை அங்குள்ள மீனவர்கள்தான் கரை சேர்த்தார்கள். அந்த மீனவர்கள் யாரையும் கேள்வி கேட்டுவிட்டுக் கயிறு வீசவில்லை.

குடியேறியவர்களையும் மாணவர்களையும் குடியியல் பரீட்சை எழுதச் சொல்வது சரியா என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் சனிக்கிழமைகளில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு நூலகத்தின் கீழ்த்தளத்தில் இந்தப் பரீட்சைக்கு ஆட்களைத் தயார் செய்தவன் நான். சம்பளம் இல்லை, வடையும் தேநீரும் தாராளமாகக் கிடைத்தன.

விதி எளிது. 20 கேள்விகள், 15 சரியாக வர வேண்டும். ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் எழுத வேண்டும். 'டிஸ்கவர் கனடா' என்ற அரசாங்கக் கையேட்டைப் படித்தால் போதும். முதல் பிரதமர் யார், விமி மலைமுகட்டுப் போர் எப்போது, முதல் பெண் நாடாளுமன்ற உறுப்பினர் யார், இப்படிப் போகும். இன்றைக்கு 18 முதல் 54 வயது வரையானவர்கள்தான் எழுத வேண்டும். ஆனால் 2015 ஜூன் முதல் 2017 அக்டோபர் வரை அந்த எல்லையை 14 முதல் 64 வரை நீட்டியிருந்தார்கள். நான் சொல்லப்போவது அந்தக் காலத்துக் கதை.

ஒரு சனிக்கிழமை 62 வயது அம்மம்மா ஒருவரும் 15 வயதுப் பேரனும் சேர்ந்து வந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பரீட்சை. பேரன் கையேட்டை ஒரு கிழமையில் முடித்துவிட்டான். அம்மம்மா ஒவ்வொரு வரியையும் தமிழில் எழுதி, அதன் மேலே ஆங்கில ஒலியைத் தமிழ் எழுத்தில் குறித்து, தேவாரம் பாடமாக்குவது போலப் பாடமாக்கினார். 'ஹேபியஸ் கோர்ப்பஸ்' என்ற சொல் அவர் வாயில் நுழைய இரண்டு வாரம் எடுத்தது. ஆனால் அதன் பொருளை நான் விளக்கத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். "பிடித்துக்கொண்டு போனால் நீதிபதிக்கு முன்னால் கொண்டுவந்து காட்ட வேண்டும், அதுதானே மாஸ்ரர்? எங்கள் ஊரில் அது இல்லாமல் எத்தனை பிள்ளைகள் போய்விட்டார்கள்" என்றார். வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தப் பாடத்தை அன்று நடத்தியது நானில்லை.

பேரனுக்கு 20. அம்மம்மாவுக்கு முதல் தடவை 13, அடுத்த தடவை 14.

அந்தப் பையன் அப்போது பத்தாம் வகுப்பு. ஒன்ராறியோவில் பத்தாம் வகுப்பில் குடியியல் என்று அரைப் பாடம் ஒன்று உண்டு, 55 மணி நேரம். அவன் என்னிடம் வந்து கேட்டான்: "மாஸ்ரர், பள்ளிக்கூடத்தில் சிவிக்ஸ் பாஸ் பண்ண 50 போதும். அம்மம்மாவுக்கு மட்டும் ஏன் 75?" 20க்கு 15 என்பது 75 சதவீதம் என்று எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து அதுவரை நான் பார்த்ததில்லை. அவனுக்கு அன்று கொடுக்கப் பதில் இருக்கவில்லை. வடை கொடுத்தேன்.

பரீட்சையை ஆதரிப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை நான் ஈழத்திலிருந்து வந்தவனாகச் சொல்கிறேன். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் யாரிடமும் வரலாற்றுக் கேள்வி கேட்கவில்லை. தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான், கடதாசி எங்கே என்று கேட்டது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவனிடம் தகப்பனின் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? லட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவர்களானார்கள். அதோடு ஒப்பிட்டால் கனடாவின் பரீட்சை தங்கம். தகப்பனை மாற்ற முடியாது, புத்தகத்தைப் படிக்கலாம். நன்றாகப் படித்து எழுதியவர்கள் அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டி வைத்திருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெருமையை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனாலும் அந்த அம்மம்மாவைச் சோதித்தது எதை? கனடாவைப் பற்றிய அறிவையா, ஆங்கிலத்தில் விரைந்து வாசிக்கும் திறனையா? குப்பை நகரசபையின் வேலை, பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் மாகாணத்தின் பொறுப்பு, கடவுச்சீட்டு ஒட்டாவாவின், அதாவது மத்திய அரசின் காரியம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அதே கேள்வியை இரட்டை மறுப்போடு ஆங்கிலத்தில் கேட்டால் தடுமாறினார். அவர் தோற்றது குடியியலில் இல்லை.

மாணவருக்கு ஒரு விதி, குடியேறியவருக்கு ஒரு விதி என்ற ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய அமெரிக்காவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2015 ஜனவரியில் அரிசோனா மாநிலம், குடியேறிகளுக்கான 100 கேள்விகளையே எடுத்து, அவற்றில் 60க்குச் சரியான விடை சொல்லாத மாணவருக்கு உயர்நிலைப் பள்ளிப் பட்டயம் இல்லை என்று சட்டம் போட்டது. மற்றச் சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. சமத்துவம்தான், மறுக்கவில்லை. அம்மம்மாவின் தலையில் இருந்த சுமையைப் பேரன் தலையிலும் ஏற்றிச் சமப்படுத்திய சமத்துவம். நூறு விடைகளை மனனம் செய்து, பட்டயம் வாங்கிய மறுநாள் மறந்துவிடுவதற்கு ஒரு சட்டம் தேவையா?

ஒன்ராறியோ மாணவர்கள் 40 மணி நேரம் சமூக சேவை செய்யாமல் உயர்நிலைப் பள்ளியை முடிக்க முடியாது. எனக்கு அந்த விதி மிகவும் பிடிக்கும். என் வகுப்பில் தேநீர் ஊற்றித் தந்து, வயதானவர்களுக்குச் சொற்களை வாசித்துக் காட்டிய பிள்ளைகள் எல்லாம் அந்த 40 மணி நேரத்துக்காக வந்தவர்கள்தான். சிலர் கணக்கு முடிந்த பிறகும் வந்தார்கள். பிள்ளைகளிடம் 'செய்' என்கிறோம், குடியேறியவர்களிடம் 'சொல்' என்கிறோம். பெரியவர்களுக்கும் 'செய்' என்பதே பொருந்தும் என்பது என் எண்ணம். புத்தகம் இருக்கட்டும். வகுப்பும் இருக்கட்டும், வேண்டுமானால் கட்டாயமாகவே இருக்கட்டும், அவரவர் மொழியில். இத்தனை மணி நேரம் வந்திருந்தார் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். அந்த 15 என்ற கோட்டை அழித்துவிடலாம்.

புத்தகத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதும் சின்ன விடயமில்லை. பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வதிவிடப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்த வரலாற்றை ஆராய்ந்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு, 2015இல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 94 அழைப்புகளை விடுத்தது. அவற்றில் கடைசி இரண்டும் புதிதாக வருபவர்களைப் பற்றியவை. எங்களைப் பற்றியவை! 93ஆவது, இந்தக் கையேட்டிலும் பரீட்சையிலும் பழங்குடி மக்களோடு செய்த ஒப்பந்தங்களும் வதிவிடப் பள்ளிகளும் உரிய இடம் பெற வேண்டும் என்றது. 94ஆவது, குடியுரிமைப் பிரமாணத்தில் அந்த ஒப்பந்தங்களைச் சேர்க்கச் சொன்னது. பிரமாணம் 2021 ஜூனில் மாறியது. மொழியை வாயிலிருந்து பிடுங்குவது என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்து நூலகம் எரிந்ததைக் கண்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் அதைக் கேள்வித்தாளில் ஒரு சரி-பிழைக் கட்டமாக்கினால் என்ன மிஞ்சும்? அதை ஆட்கள் உட்கார்ந்து பேச வேண்டும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2022 ஜூனில் நடந்த ஒன்ராறியோ மாகாணத் தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 44 சதவீதம். இந்த மாகாணத்தின் வரலாற்றிலேயே அதுதான் மிகக் குறைவு. வீட்டில் இருந்துவிட்ட மற்றவர்களில் பரீட்சையில் சித்தியடைந்தவர்களும் இருந்திருப்பார்கள், இங்கேயே பிறந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

அந்த அம்மம்மா? 2017இல் வயதெல்லை பழையபடி 54க்கு இறங்கிய பிறகு திரும்ப விண்ணப்பித்தார். பரீட்சை இல்லாமலே பிரசையானார். 2022 அக்டோபரில் நகரசபைத் தேர்தல் வந்தபோது எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மாஸ்ரர், எங்கள் தெரு பஸ் தரிப்பிடத்துக்குக் கூரை இல்லை. பனியில் நிற்க முடியவில்லை. அது போடுவது ஒட்டாவாவா, மாகாணமா, நகரசபையா?"

"நகரசபை, அம்மா."

"அப்படித்தான் நானும் நினைத்தேன். வாக்குக் கேட்டு ஒருவர் முன்வாசலில் நிற்கிறார். வையுங்கள், நான் அவரிடம் பேச வேண்டும்."

வைத்துவிட்டார்.