சருகுக்குத் தீ வைக்காதீர்கள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி நான் வைத்திருந்த சரக்கில் பாதியைத் தீர்த்துவிட்ட பேராசிரியர் அம்மா அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, ஓரிடத்தில் உட்காராத குழந்தைகளே, வணக்கம். ஒலிபெருக்கித் தம்பிக்கும் தனியாக ஒரு வணக்கம். அவர் கோபித்துக்கொண்டால் நான் பேசி என்ன பயன்?

‘குடும்பத்தோடு வெளியே வருவோம், சூழலைக் காப்போம்’ என்பது தலைப்பு. கண், மண், தண்ணீர் என்று மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். நான் எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்வேன் என்று செயலாளருக்குத் தெரியும், அதோ சிரிக்கிறார்.

முதலில் கண். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பிரிவினரைப் பள்ளி நாள்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு கழித்து அவர்களில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றவர்களில் 39.5. முடிவு 2015-ல் வெளியானது. செலவு? கதவைத் திறப்பதுதான்.

அடுத்து மண். இங்கே கொஞ்சம் நின்று பேச அனுமதி வேண்டும்.

சார்லஸ் டார்வின் என்றால் குரங்கு ஞாபகம்தான் எல்லோருக்கும் வரும். அவருக்கு வாழ்நாள் முழுக்க மண்புழுப் பைத்தியம். 1837-லேயே அதைப் பற்றிக் கட்டுரை எழுதி அறிஞர் அவையில் வாசித்தவர், புத்தகமாகப் போட்டது 1881-ல். அப்போது வயது 72. ஐம்பதில் வளையுமா என்று கேட்கிறோம், மனிதர் எழுபத்திரண்டிலும் மண்ணைப் பார்த்து வளைந்துகொண்டிருந்தார்!

புழுவுக்குக் காது கேட்குமா என்று அவருக்கு ஒரு சந்தேகம். தொட்டியில் மண் போட்டுப் புழுக்களை வளர்த்தார். வீடே ஆராய்ச்சியில் இறங்கியது. பேரப்பிள்ளை விசில் ஊதினான். புழு அசையவில்லை. மகன் பஸ்ஸூன் என்கிற பெரிய குழலை எடுத்து அடித்தொண்டையில் முழங்கினார். ம்ஹூம். கத்திப் பார்த்தார்கள், அதற்கும் கவலையில்லை. மனைவி எம்மா பியானோ வாசித்தார். பக்கத்தில் இருந்த புழுக்கள் ரசிக்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. (நம் கூட்டங்களில்கூட இவ்வளவு பொறுமை கிடைப்பதில்லை.) கடைசியில் தொட்டியைத் தூக்கிப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கனத்த சுரத்தை அழுத்தினார்கள். அவ்வளவுதான், இரண்டு புழுக்களும் வளைக்குள் ஓடிவிட்டன! காற்றில் வரும் ஓசை அவற்றுக்குக் கேட்காது, அதிர்வுதான் எட்டும் என்று தெரிந்தது. ஒரு குடும்பம் விளையாடிய விளையாட்டு அது. அறிவியலும் அதிலேயே வந்தது.

அந்தப் புழுக்கள் இலைகளை, பெரும்பாலும் கூர்முனையைப் பிடித்து, வளைக்குள் இழுப்பதையும் அவர் பார்த்தார். இங்கிலாந்தின் பல இடங்களில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியே மேலே வருகிறது என்று கணக்கும் போட்டார். அந்தப் புழுவின் சாப்பாடு எது? சருகு. நாம் என்ன செய்கிறோம்? கூட்டிக் குவித்துத் தீக்குச்சி கிழிக்கிறோம்.

எரியும்போது இலையிலிருந்த நைட்ரஜன் காற்றோடு போகிறது. புகையின் நுண்துகள் நுரையீரலின் அடிவரை இறங்குகிறது. பக்கத்தில் நிற்பது யார்? வெளியே விளையாட அனுப்பிய நம் பிள்ளைதான்.

அதே குவியலைத் தோட்டத்து மூலையில் போட்டு, ஈரமாக்கி, காய்கறித் தோலையும் சேர்த்து விட்டுவிடுங்கள். சில வாரம் கழித்துப் பிள்ளைகளோடு போய்ப் புரட்டுங்கள். மேலே மொறமொறப்பு, நடுவில் ஈரம், அடியில் நரம்பு மட்டும் மிஞ்சி வலைபோல ஆன இலை. தொட்டதும் சுருண்டுகொள்ளும் மரவட்டை. எந்தப் பிள்ளை கைப்பேசியைக் கேட்கும்? ஐந்தில் வளைவது இப்படித்தான். சரி, ஐம்பதில் இருக்கிறவர்களும் முழங்காலைப் பிடித்துக்கொண்டாவது குனியுங்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அது அடுத்த கூட்டத்துக்கு.

சங்கத்துக்கு ஒரே கோரிக்கை. பொது மைதானத்தில் சருகு எரிப்பதை இன்றே தீர்மானம் போட்டு நிறுத்துங்கள். வடக்கு ஓரத்தில் ஒரு குழிக்கு இடம் விடுங்கள். குழி வெட்ட வரும் குடும்பங்கள் வாசலில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதலாம். முதல் பெயர் செயலாளருடையது, அவரைக் கேட்காமல் நானே எழுதிவிட்டேன். நன்றி, வணக்கம்.