ஜன்னலை இழுத்தால் மோட்டார் இடறும்

நேயர்களுக்கு வணக்கம்.

பித்தளைத் தகட்டில் வீட்டுப் பெயர் வெட்டும் சின்ன இயந்திரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பழைய கணினியின் பிரிண்டர் போர்ட்டிலிருந்து வயர் இழுத்து ஸ்டெப்பர் மோட்டார்களை (ஒவ்வொரு மின் துடிப்புக்கும் ஓர் அடி நகர்பவை) ஓட்டுகிறேன். இயந்திரத்தை நடத்தும் மென்பொருள் லினக்ஸ்சிஎன்சி. ஒருநாள் 'எழில் இல்லம்' வெட்டிக்கொண்டிருந்தபோது, திரையில் ஒரு விண்டோவைப் பிடித்து இழுத்தேன். ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருந்த மோட்டாரில் 'டக்' என்று ஓர் இடறல். 'ழி'யிலிருந்து மீதி எழுத்தெல்லாம் தள்ளிப் போய்விட்டது. தகடு வீண்.

விண்டோவுக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்? சொல்கிறேன்.

ஏறக்குறைய 25 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை டைமர், இன்டரப்ட் (இடைமறிப்பு அழைப்பு) கொடுத்து ப்ராசஸரைக் கூப்பிடும்: "மோட்டாருக்குத் துடிப்பு அனுப்பு." ப்ராசஸர் வேகமானதுதான். ஆனால் கையில் இருக்கும் கட்டளையை முடிக்காமல் எழுந்து வராது. அந்தக் கட்டளை, கிராபிக்ஸ் கார்டுக்குப் படத் தரவு அனுப்புவதாக இருந்தால்தான் வம்பு. கார்டின் வாசலில் ஒரு சிறிய வரிசை உண்டு. அது நிரம்பிவிட்டால் கார்டு "அப்புறம் வா" என்னும். கார்டுகளுக்குத் தரவு போகும் பொதுப் பாதையான பிசிஐ பஸ் திரும்பத் திரும்பத் தட்டும். ப்ராசஸரோ நின்ற இடத்திலேயே நிற்கும். துடிப்பு தாமதமாகும், மோட்டார் இடறும். ஒருவழியாக இன்டரப்டுக்கு வந்தாலும், வேறொரு கார்டின் நிலையைப் படிக்கப் போனால் முன்னால் படத் தரவு பாதையை அடைத்துக்கொண்டிருக்கும்.

வரிசையில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்புவதுதான் முறை. கேட்பதற்கும் பஸ்ஸில் ஒரு பயணம் ஆகிறதே! 1990களில் சில டிரைவர்கள் (கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்கள்) கேட்காமலே தள்ளின. பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனையில் கொஞ்சம் புள்ளி கூடியது. அதற்கு விலை கொடுத்தவர்கள் கணினியில் பாட்டு கேட்டவர்கள்: நடுநடுவே 'கிளிக்', 'பாப்'. சீரியல் போர்ட்டில் மோடம் (தொலைபேசி வழி இணையக் கருவி) வைத்திருந்தவர்களுக்கும் இதே கதிதான். அந்தப் போர்ட்டின் 16 பைட் இடம், விநாடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் 1.4 மில்லிவிநாடியில் நிரம்பிவிடும். அதற்குள் ப்ராசஸர் வந்து எடுக்காவிட்டால் அடுத்து வரும் எழுத்து காணாமல் போகும்.

லினக்ஸ்சிஎன்சியோடு ஒரு தாமதச் சோதனை வருகிறது. அதை ஓடவிட்டு, முப்பரிமாணப் பற்சக்கரங்களைத் திரையில் சுழலவிட்டு, விண்டோக்களை இழுத்துப் போட்டுத் தொல்லை கொடுக்கச் சொல்வார்கள். தாமதம் 20 மைக்ரோவிநாடிக்குள் இருந்தால் கணினி நல்லது. 100ஐத் தாண்டினால் இந்த வேலைக்கு ஆகாது.

மதர்போர்டிலேயே இருந்த கிராபிக்ஸை விட்டுவிட்டு, மலிவான தனிக் கார்டு ஒன்றைப் போட்டேன். தாமதம் குறைந்தது. ஆனாலும் வெட்டு ஓடும்போது மவுஸை எடுத்து மேசை டிராயரில் வைத்துவிடுகிறேன்.